ஊசி படாத திரைச்சீலை

தை பிறந்ததும் வீடு மாற்றினோம். மதுரையில் இரண்டாம் மாடி, மேற்குப் பார்த்த கூடம். வீட்டைப் பார்க்கப் போனது காலை பத்து மணிக்கு. காற்று வந்தது, குளிர்ச்சியாக இருந்தது, முன்பணம் கொடுத்துவிட்டோம். மேற்குப் பார்த்த வீட்டை மாலை நான்கு மணிக்குத்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்ற அறிவு மாசி மாதம் வந்தது. ஜன்னலுக்கு மேலே ஒன்றரை அடி சன்ஷேடு இருக்கிறது. உச்சி வெயிலுக்கு அது போதும். சித்திரை பிறந்த சில நாட்களில் மதுரையில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அன்றுகூட நண்பகலில் கூடத்துக்குள் ஒரு பொட்டு வெயில் விழாது. மூன்றரை மணிக்கு மேல்தான் சங்கதி. சூரியன் சன்ஷேடுக்குக் கீழே இறங்கி, யாரையும் கேட்காமல் உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவோம்.

ஒரு திரையைப் போட்டால் தீர்ந்தது. ஆனால் வாடகை ஒப்பந்தத்தில், அச்சடித்த வரிகளுக்குக் கீழே, வீட்டு உரிமையாளர் பேனாவால் ஒரு வரியைச் சேர்த்திருந்தார்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது. புதுப் பெயின்ட், அவர் கவலை அவருக்கு. கடையில் தைத்து விற்கிற திரைகளோ ஐந்தடி, ஏழடி, ஒன்பதடி என்ற கணக்கில்தான் வருகின்றன. எங்கள் ஜன்னல் நான்கடி உயரம், ஐந்தடி அகலம். ஐந்தடித் திரை வாங்கினால் ஓரடியை மடித்துத் தைக்க வேண்டும். முகூர்த்த மாதத்தில், குவிந்து கிடக்கிற ரவிக்கைகளுக்கு நடுவே திரைக்கு மடிப்பு அடித்துத் தர எந்தத் தையல்காரருக்கு நேரம் இருக்கும்? எனக்குத் தையல் வராது. சட்டையில் பொத்தான் தைத்தால் சட்டையின் மறுபக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிடுகிற கை.

தைக்காமல் செய்வதற்கு முதலில் தோன்றியது ஒட்டுவதுதான். பழைய போர்வை ஒன்றின் மேல் ஓரத்தை மூன்று அங்குலம் மடித்து, மரத்துக்கும் காகிதத்துக்கும் பயன்படுத்துகிற வெள்ளைப் பசையைத் தடவி, மேலே பருப்பு டப்பாக்களை வரிசையாக அடுக்கி ஓரிரவு வைத்தேன். காலையில் மடிப்பு அட்டையைப் போல விறைத்து நின்றது. எனக்கு ஒரே பெருமை. முதல் சலவையில், வாளியில் அரை மணி நேரம் ஊறியதும், மடிப்பு மெல்ல வாயைத் திறந்துவிட்டது. நீரில் கரைகிற பசையை வைத்து நீரில் முக்குகிற துணியை ஒட்டியிருக்கிறேன். இதை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லியிருக்கும்.

அடுத்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் ஒட்டிக்கொள்கிற மடிப்பு நாடா. தையல் சாமான் கடையில் சுருளாகக் கிடைக்கிறது. இரண்டு துணிக்கு நடுவே வைத்து, மேலே ஈரத்துணி போட்டு, பெட்டியை நகர்த்தாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். பருத்தித் துணியில் நன்றாகவே பிடித்தது. அந்தத் தைரியத்தில் ஒரு பழைய பாலியெஸ்டர் சேலையை எடுத்தேன். பெட்டியின் திருகு பருத்திச் சூட்டிலேயே நின்றதைக் கவனிக்கவில்லை. ஒரு சுருக்கமும் இல்லாமல், பெட்டியின் மூக்கு வடிவத்திலேயே சேலையில் ஓர் ஓட்டை விழுந்தது. உருகிய விளிம்பு கறுத்துப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது. அதைச் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

பங்குனியில் அம்மா வந்திருந்தபோது இந்த ஓட்டைச் சேலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குப் போனதும் பக்கத்து வீட்டுக்காரர் கையில் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பினாள். உள்ளே அவளுடைய அரக்குச் சுங்குடி. அரக்கில் வெள்ளைப் புள்ளிகள், மாம்பழ மஞ்சள் கரை. கால் கொலுசு மாட்டி மாட்டிக் கீழ்க்கரையில் நான்கைந்து இடத்தில் நூல் இழுத்திருந்தது. அதனால் அவள் கட்டுவதில்லை. தொலைபேசியில் நிபந்தனை சொன்னாள்: “கத்திரி வைக்கக் கூடாது. ஊசி ஏற்றக் கூடாது. நான் எப்போது கேட்டாலும் சேலையாகத் திருப்பித் தர வேண்டும்.”

ஆக, சுவருக்கு ஆணி கூடாது, துணிக்கு ஊசி கூடாது.

அந்தச் சேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இப்போது சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி மெழுகு அச்சிலோ திரை அச்சிலோ புள்ளி வைத்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில் அணிவகுத்து நிற்கும். அம்மாவினுடையது பழைய முறை. மதுரைச் சௌராஷ்டிரப் பெண்கள் துணியை நகத்தால் துளியளவு கிள்ளி, நூலால் சுற்றி முடிச்சுப் போட்டு, பிறகு சாயத்தில் முக்குவார்கள். நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்தால் அங்கே ஒரு புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது இந்த வேலைக்காகத்தான். முடிச்சுச் சுங்குடியை விரலால் தடவினால் புள்ளி இருக்கிற இடம் லேசாகத் தட்டுப்படும். எந்த இரண்டு புள்ளியும் ஒன்றுபோல இருக்காது. இந்தத் துணியில் கத்திரி வைக்காதே என்று அம்மா சொல்லியிருக்கவே வேண்டாம்.

தரையில் விரித்து அளந்தேன். நீளம் பதினெட்டு அடி, அகலம் நாற்பத்தாறு அங்குலம். கொஞ்ச நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புத்தியில் பட்டது. திரை என்றதும் துணியின் நீளம் மேலிருந்து கீழே தொங்க வேண்டும் என்று என்னையறியாமல் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படித் தொங்கவிட்டால்தான் வெட்ட வேண்டும், மடிக்க வேண்டும், தைக்க வேண்டும். சேலையை நாம் கட்டுகிறபடியே படுக்கையாகப் பிடித்தால் மேலே ஒரு கரை, கீழே ஒரு கரை. இரண்டும் தறியிலேயே முடிந்து வந்த விளிம்பு. பிரியாது, மடிக்க வேண்டியதில்லை. நாற்பத்தாறு அங்குல அகலமே திரையின் உயரமாகிவிடும். நான்கடி ஜன்னல் என்றால் நாற்பத்தெட்டு அங்குலம். சேலையும் ஜன்னலும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

பதினெட்டு அடியை அப்படியே ஐந்தடிக்குள் அடைத்தால் மூட்டையாகத் தொங்கும். நடுவில் மடித்து இரட்டையாக்கினால் ஒன்பதடி. ஐந்தடி ஜன்னலுக்கு ஒன்பதடித் துணி என்பது கொசுவம் விழுவதற்குச் சரியான கணக்கு. இரட்டைத் துணி என்பதால் வெளிச்சமும் நன்றாக மங்கும். முந்தானை இருக்கிற பாதியைக் கூடத்துப் பக்கம் வைத்தேன். மறுபாதி வெயிலைப் பார்த்து நிற்கட்டும். சேலையை வெட்டாமல் மடிப்பதால் திரை ஒரே துண்டாகத்தான் இருக்கும், நடுவில் பிரித்து இரண்டு பக்கமும் தள்ள முடியாது. ஒரு பக்கமாகத்தான் ஒதுக்க முடியும். அப்படியானால் கம்பிக்கு நடுவில் தாங்கல் எதுவும் இருக்கக் கூடாது. வளையங்கள் அதில் மாட்டிக்கொள்ளும்.

மின்கம்பி ஓட்டுகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்று பரணில் கிடந்தது. இரண்டு முனையையும் கட்டி நிறுத்திய பத்து நிமிடத்தில் நடுவில் தொய்ந்து ஊஞ்சல் பலகைக் கயிறு போல ஆகிவிட்டது. நமக்கெல்லாம் பழக்கமான அந்த ஸ்பிரிங் திரைக்கம்பியும் இதே கதைதான். மெல்லிய துணிக்கு மட்டும்தான் ஆகும். கடைசியில் கைகொடுத்தது ஒட்டடைக் கம்பு. தலையில் நார் உதிர்ந்துபோய்க் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நின்ற மூங்கில். நாரைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ஜன்னல் பொந்துக்குள் அடங்கும்படி ஐம்பத்தொன்பது அங்குலத்துக்கு ஹேக்ஸா பிளேடால் அறுத்தேன். மூங்கிலின் ஒவ்வொரு கணுவையும் உப்புத்தாளால் தேய்த்தேன். கணுவில் வளையம் தடுக்கும். அதைத் தேய்க்காமல் விட்டால் தினமும் காலையில் திரையோடு சண்டை போட வேண்டியிருக்கும். பிறகு ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவினேன். இரண்டு நாள் கூடம் முழுக்க வேப்பெண்ணெய் வாடை. கணவர் மட்டும் இதைப் பற்றி இரண்டு முறை கருத்துச் சொன்னார்.

ஆணிக்குப் பதில் ஜன்னல் கிரில். மேல் குறுக்குக் கம்பியின் இரண்டு ஓரத்திலும் மூங்கிலை வைத்துக் கொடிக்கயிற்றால் கட்டினேன். சாரம் கட்டுகிறவர்கள் இரண்டு கழிகள் குறுக்கிடும் இடத்தில் எப்படிச் சுற்றுகிறார்கள் என்று எதிர் மனையில் நடக்கும் கட்டட வேலையில் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்: முதலில் கழிகளைச் சுற்றி நாலு சுற்று, பிறகு அந்தச் சுற்றுகளுக்கு நடுவே குறுக்காக இரண்டு சுற்று. அந்தக் குறுக்குச் சுற்றுதான் கட்டை இறுக்குகிறது. இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கம்பைப் பார்த்தாள், மேசைமேல் இருந்த வளையல்களைப் பார்த்தாள், “அம்மா, வளையலை எப்படி உள்ளே போடுவது?” என்று கேட்டாள்.

வளையல்தான் திரை வளையம். அதை முதலில் கம்பில் கோத்துவிட்டு அல்லவா கட்டியிருக்க வேண்டும்? ஒரு பக்கத்துக் கட்டை அவிழ்க்க இருபது நிமிடம். நன்றாகக் கட்டியதற்குத் தண்டனை.

வளையல்கள் என் கல்யாணக் காலத்து உலோக வளையல்கள், இரண்டு டஜன், 2.4 அளவு. வளையல் கடைக் கணக்கில் 2.4 என்றால் விட்டம் இரண்டு அங்குலமும் ஓர் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்ததில் நான்கு பங்கும். அதாவது இரண்டேகால் அங்குலம். எனக்கு இப்போது 2.6கூடச் சோப்பு போட்டுத்தான் ஏறுகிறது. ஆகையால் இவை பெட்டிக்குள் சும்மா கிடந்தன. ஓர் அங்குல மூங்கிலில் இரண்டேகால் அங்குல வளையல் தாராளமாக ஓடும். கண்ணாடி வளையலை முயற்சி செய்ய வேண்டாம். நான் ஆசைக்கு நான்கு பச்சைக் கண்ணாடி வளையல்களை இடையிடையே கோத்தேன், முதல் காற்றுக்கே இரண்டு உடைந்து சோபா இடுக்கில் விழுந்தன. ஜிகினா ஒட்டிய வளையலும் ஆகாது. ஜிகினா உதிர்ந்து தேநீரில் மிதக்கும்.

அடுத்தது, வளையலையும் சேலையையும் எது சேர்ப்பது? துணி காயப்போடுகிற கிளிப்புகளை மாட்டிப் பார்த்தேன். கூடம் மொட்டை மாடி மாதிரி ஆகிவிட்டது. ஊக்கு குத்தலாம், ஆனால் ஊக்கும் ஊசிதானே. அம்மா கண்டுபிடித்துவிடுவாள். வழி கிடைத்தது தெருமுனைப் பழக்கடையில். மழைக்கு அஞ்சித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார் கடைக்காரர். தார்ப்பாயில் கண் துளை கிழிந்துபோன மூலையில் ஒரு சிறு கல்லை உள்ளே வைத்து, தார்ப்பாயோடு சேர்த்துக் குமிழாகப் பிடித்து, கழுத்தில் கயிற்றைச் சுற்றி இறுக்கினார். துளை தேவையே இல்லை. கல் இருக்கும்வரை கயிறு நழுவாது.

வீட்டுக்கு வந்து கல்லுக்குப் பதில் புளியங்கொட்டை. அதற்கு நம் அடுக்களையில் பஞ்சமே இல்லை.

செய்கிற விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சேலையை இரட்டையாக மடித்து இரண்டு மேல்கரைகளும் ஒன்றின்மேல் ஒன்று வருமாறு விரிக்க வேண்டும். கரை விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் கீழே, இரண்டு துணிக்கும் அடியில் ஒரு கொட்டையை வைத்து, இடது கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் துணியோடு சேர்த்துக் கொட்டையைக் கிள்ளிப் பிடிக்க வேண்டும். மேலே சிறு மொட்டு, கீழே குறுகிய கழுத்து. அந்தக் கழுத்தில் பூ கட்டுகிற நூலை நான்கு சுற்றுச் சுற்றி, நூலின் இரண்டு வாலையும் வளையலுக்குள் விட்டு, உருவினால் அவிழ்கிற முடிச்சாகப் போட வேண்டும். தையல் நூல் வேண்டாம்; மெல்லியது, இறுக்கினால் துணியை அறுக்கும். பூ நூல் பருமனாகவும் மிருதுவாகவும் இருக்கிறது, தவிர நம் கைக்குப் பழகியது. மல்லிகையைக் கட்டுகிறபோது காம்பு நசுங்காமல் ஆனால் பூ நழுவாமல் எவ்வளவு இறுக்குவோமோ, அதே இறுக்கம் போதும். அதைச் சொல்லித்தர முடியாது, விரலுக்குத் தெரியும்.

ஆறு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஒன்பதடிக்குப் பத்தொன்பது. முடிச்சுக்கு மேலே மிஞ்சுகிற இரண்டு அங்குலக் கரை நிமிர்ந்து நின்று வளையலைப் பாதி மறைத்துவிடுகிறது. நான் திட்டமிட்டதில்லை, ஆனால் பார்த்தவர்கள் கேட்டால் திட்டமிட்டதாகத்தான் சொல்கிறேன். முடிச்சுக்குக் கீழே நாற்பத்து நான்கு அங்குலம், வளையலும் நூலும் சேர்ந்து இரண்டரை. மொத்தம் நாற்பத்தாறரை. ஜன்னல் திட்டுக்கு ஒன்றரை அங்குலம் மேலே திரை நின்றது. திட்டைத் துடைக்கும்போது துணி நனையாது.

ஏழாவது முடிச்சோ எட்டாவது முடிச்சோ போட்டுக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. துணியைக் கிள்ளி, நூலைச் சுற்றி, முடிச்சு. இந்தச் சேலை சாயத்தொட்டிக்குப் போவதற்கு முன்பு ஒரு பெண் இதையேதான் இதற்குச் செய்திருக்கிறாள். அவள் கிள்ளியது கடுகளவு, நான் கிள்ளியது கொட்டையளவு. அவள் ஆயிரக்கணக்கில் போட்டாள், நான் பத்தொன்பதுக்கே முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

மாலை நான்கு மணிக்குத் திரையை இழுத்தோம். கூடம் முழுக்க அரக்கு வெளிச்சம். வெள்ளைப் புள்ளிகள் மட்டும் ஊசித் துளைகள் போல வெளிச்சத்தை விட்டன. வெக்கை குறைந்ததா என்று கேட்டால், கொஞ்சம் குறைந்தது என்றுதான் சொல்வேன். வெயில் ஜன்னலைத் தாண்டி வந்த பிறகு உள்ளே தொங்குகிற துணியால் ஆவது அவ்வளவுதான். வெக்கையைத் தடுக்க வேண்டுமானால் வெளியே தட்டி கட்ட வேண்டும். கண் கூசுவது நின்றது. சோபாவில் உட்கார முடிந்தது. எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

காற்று வேறு பிரச்சினை. ஜன்னலைத் திறந்தால் திரை கூடத்துக்குள் பறந்து வந்து முகத்தில் அறையும். கணவரின் கருவிப் பெட்டியிலிருந்து இரும்பு வாஷர்களை எடுத்துக் கீழ்க்கரையில் அங்கங்கே முடிந்து வைத்தேன். அழகர் ஆற்றில் இறங்கிய வாரம் ஒரு கோடை மழை, சாரல் அடித்தது. மறுநாள் ஒவ்வொரு வாஷர் வட்டமும் மஞ்சள் கரையில் துருவாக அச்சு விழுந்திருந்தது. எலுமிச்சம்பழத்தை அறுத்து, உப்பைத் தொட்டுத் தேய்த்து, வெயிலில் வைத்து, மறுபடி தேய்த்து, மூன்றாம் முறைதான் மங்கியது. உற்றுப் பார்த்தால் இன்னும் தெரியும்.

வாஷருக்குப் பதில் என்ன என்று தேடியபோது, பழைய பாட்டில் ஒன்றில் காண்டாமிருகம் பொறித்த 25 பைசாக்கள் கிடைத்தன. 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போன காசுகள். மகளுக்கு அது காசு என்பதையே நம்ப முடியவில்லை. எஃகுக் காசு, துருப்பிடிக்காது. ஒன்று மூன்று கிராம்கூட இருக்காது என்பதால் மும்மூன்றாகச் சேர்த்துத் துணிமுனையில் முடிந்துவிட்டேன், என் பாட்டி முந்தானையில் சில்லறை முடிந்து வைத்ததைப் போல. ஒரு தம்ளர் தேநீருக்குக்கூடப் பெறாத காசு இப்போது ஒரு ஜன்னலை அடக்கி வைத்திருக்கிறது. ஒதுக்கிய திரையைக் கட்டி நிறுத்த, என் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு வாங்கிய ஜடைக் குஞ்சலம். மூன்று குஞ்சமும் தொங்க அதைக் கிரிலில் சுற்றிவிட்டேன். வருகிறவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான்.

முதல் வெற்றி கொடுத்த கொழுப்பில் படுக்கையறை ஜன்னலுக்கும் கைவைத்தேன். அதில் கீழ்ப்பாதி திறக்க முடியாத கண்ணாடி. எதிர் வீட்டு மாடிப்படி நேராகத் தெரியும். நடுவில் கிழிந்த நாலு முழ வேட்டி ஒன்று இருந்தது. அது கணவருடையது, அதில் கத்திரி வைக்க நிபந்தனை இல்லை. ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்து, கிளறிக்கொண்டே காய்ச்சினால், வெள்ளையாக இருந்தது ஒரு கட்டத்தில் கண்ணாடிபோலத் தெளிந்து கரண்டியில் படியும். அதுதான் பதம். ஆறியதும் பழைய பெயின்ட் பிரஷால் கண்ணாடியில் பூசி, வேட்டித் துண்டை ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவிக் காற்றை வெளியேற்றி, மேலேயும் ஒரு பூச்சு. காய்ந்த பிறகு ஓரத்தில் மிஞ்சியதை பிளேடால் கீறி எடுத்தேன். கஞ்சி ஏறிய துணி நூல் பிரியாமல் காகிதம் மாதிரி வெட்டுப்படுகிறது. வேட்டியின் பச்சைக் கரை அடியில் ஒரு கோடாக ஓட, கண்ணாடி பால்போல ஆகிவிட்டது. வெளிச்சம் வருகிறது, ஆள் தெரியவில்லை.

இது மழைக்காலம் வரைதான். ஐப்பசியில் ஈரம் ஏறி ஓரங்கள் கிளம்பின. கரப்பான் பூச்சிகள் இரவில் வந்து அரித்து ஓரத்தைப் பல் சீப்பாக ஆக்கியிருந்தன. மைதா அவற்றுக்கு விருந்து. புத்தகம் பைண்டிங் செய்கிற பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் போட்டால் பூச்சி அண்டாது என்றார். அது விஷம். வெள்ளை வேட்டி நீலம் பாரிக்கும் என்பதும் ஒன்று. படுக்கையறையில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஒட்டி வைத்தால் முழுத் துண்டும் தோலாக உரிந்து வந்துவிடுகிறது. ஐப்பசியில் உரித்து, தையில் மறுபடி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கூடத்துத் திரைக்குத் திரும்புகிறேன். வைகாசியில் முதல் சலவை. பத்தொன்பது முடிச்சையும் அவிழ்க்கச் சோம்பலாக இருந்ததால் வளையல்களை மட்டும் உருவி, கொட்டைகளோடு வாளியில் போட்டேன். புளியங்கொட்டை ஊறினால் உப்பும் என்பது தெரியாதவளா நான்? உப்பியது, நூல் அறுபட்டது, அது போகட்டும். கொட்டையின் தோல் சாயமும் விடும் என்பதை மறந்துவிட்டேன். மஞ்சள் கரைக்குக் கீழே பத்தொன்பது பழுப்புத் திட்டுகள். எலுமிச்சை அதன் முன்னால் தோற்றது. நல்லவேளை, அரக்கு நிறத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை. முந்தானைப் பக்கத்தில் மட்டும் நான் போய் நின்று மறைத்துக்கொள்வேன்.

கொட்டையை மாற்றினேன். பட்டுச்சேலை அலசுவதற்காக வாங்கி வைத்திருந்த பூந்திக்கொட்டையை உடைத்து, நுரைக்கிற தோலைத் தனியே எடுத்துவிட்டால், உள்ளே கறுப்பாக, வழவழப்பாக, மணியைப் போல உருண்டையான விதை இருக்கிறது. இரவு முழுக்க ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். ஊறவில்லை, சாயம் விடவில்லை. புளியங்கொட்டை தட்டை, கழுத்து கோணலாக வரும். இது உருண்டை என்பதால் முடிச்சு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல உட்கார்ந்தது. முதலிலேயே இதை எடுத்திருக்க வேண்டும். பழைய கிள்ளல்களின் சுருக்கம் துணியில் அப்படியே இருந்ததால் அளவெடுக்காமல் அதே இடங்களில் கட்டிவிட்டேன்.

புரட்டாசியில் நவராத்திரிக்கு அம்மா வந்தாள். வந்த அன்று மாலை சோபாவில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். காசு முடிச்சைத் தூக்கிப் பார்த்தாள். மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே, “எங்கே, சேலையைக் கொடு” என்றாள்.

கட்டுவதற்குக் கேட்கிறாளா, சோதிக்கக் கேட்கிறாளா என்று தெரியவில்லை. முடிச்சுகளை ஒவ்வொன்றாக உருவினேன். நூலின் வாலை இழுத்தால் ஒரு சுண்டலில் அவிழ்ந்தது. அந்த மட்டும் வேலை சுத்தம். பத்தொன்பது விதைகளையும் ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு, சேலையைப் பதினெட்டு அடிக்கும் விரித்தேன்.

கூடத்துப் பக்கம் இருந்த பாதி அரக்காகவே இருந்தது. வெயில் பக்கம் இருந்த பாதியில் பட்டை பட்டையாகக் கோடுகள். கொசுவத்தில் வெளியே நின்ற மடிப்பெல்லாம் வெளுத்துச் செங்கல் நிறம். உள்ளே ஒடுங்கியிருந்த மடிப்பெல்லாம் பழைய அரக்கு. ஆறு மாத மாலை வெயில். கத்திரியும் ஊசியும் படாமல் காப்பாற்றிக் கொண்டுவந்த சேலையைச் சூரியன் கையில் கொடுத்திருக்கிறேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கோடுகளைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெளுத்த பாதியின் மேல்கரைக்குக் கீழே விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். நான் குனிந்து பார்த்தேன். நூல் இறுக்கிச் சுற்றியிருந்த இடங்களில் மட்டும் வெயில் புகவில்லை. ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக, காலணா அளவில், அடர்ந்த அரக்கு வட்டங்கள். புளியங்கொட்டைத் திட்டுகளை அவை கிட்டத்தட்ட விழுங்கிவிட்டிருந்தன. அம்மா ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனாள். பத்தொன்பது.

“சுங்குடியில் கட்டின இடம் வெளுப்பாக இருக்கும், உன்னுடையதில் கட்டின இடத்தில்தான் சாயமே மிச்சம் இருக்கிறது” என்றாள். பிறகு சேலையை என் மடியில் போட்டாள். “மறுபடி கட்டும்போது இந்தப் பாதியையே வெயிலுக்கு விடு. திருப்பிப் போட்டு அந்தப் பாதியையும் கெடுத்துவிடாதே.”

திருப்பிப் போடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாலை அவள் சொன்னபடியே கட்டினேன். இந்த முறை வளையல்களை முதலில் கோத்துவிட்டுத்தான் மூங்கிலைக் கிரிலில் கட்டினேன்.